டிஜிட்டல் பெயிண்டிங்கில் ஸ்டடியும் ஃபீட்பேக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிஜிட்டலில் வரையப் பழகுகிறவர்களோடு பேச உட்கார்ந்தாலே வருகிற சந்தேகங்கள் இவை. ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை என்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டுவிட்டேன். பதில்கள் நீளமாகவும் குட்டையாகவும் இருக்கும், எது நிறைய பேரைக் குழப்புகிறதோ அங்கே கூடுதலாக எழுதியிருக்கிறேன்.

ஸ்டடி ஸ்டடின்னு சொல்றாங்களே, பார்த்து வரையறதுக்குத்தான் அந்தப் பேரா?

பார்த்து வரைவது எல்லாமே ஸ்டடி ஆகிவிடாது. ஒரு போட்டோவை எடுத்து நாள் முழுக்க உட்கார்ந்து அச்சு அசலாக வரைந்து முடித்துவிட்டு, "இதில் என்ன தெரிந்துகொண்டாய்?" என்று கேட்டால் பதில் இல்லை என்றால் அது நகல்தான். கை பழகியிருக்கும், அது மட்டும்தான்.

ஸ்டடி என்றால் தொடங்கும் முன்பே ஒரு கேள்வி இருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் ஆளின் நிழல் பக்கத்தில் என்ன நிறம் இருக்கிறது? இந்த ஓவியர் துணி மடிப்பை எத்தனை தீற்றலில் முடித்திருக்கிறார்? மூடுபனியில் தூரத்து மரங்கள் எவ்வளவு வெளுக்கின்றன? ஒரு கேள்வி போதும். அதற்குப் பதில் கிடைத்ததும் நிறுத்திவிடலாம், படம் பாதியில் நின்றாலும் பரவாயில்லை.

எந்த டேப்லெட், எந்த சாஃப்ட்வேர்? அதைச் சொல்லுங்க முதல்ல.

கையில் இருப்பதே போதும். அழுத்தத்தை உணரும் பேனா இருக்க வேண்டும், லேயர் வசதி (படத்தைத் தனித்தனி அடுக்குகளாக வரைவது) இருக்க வேண்டும், அவ்வளவுதான். பேனா 2048 நிலை அழுத்தத்தை உணர்கிறதா 8192 நிலையா என்பதெல்லாம் ஸ்டடியில் தெரியவே தெரியாது. காசு செலவழிக்க வேண்டாம் என்றால் க்ரிட்டா இலவசம், பெயிண்டிங்குக்கென்றே செய்யப்பட்டது. ஃபோட்டோஷாப், ப்ரோக்ரியேட், கிளிப் ஸ்டுடியோ எது பழக்கமோ அதிலேயே இருங்கள்.

பிரஷ் விஷயத்தில் மட்டும் பிடிவாதமாகச் சொல்வேன்: ஸ்டடிக்கு ஒரு சாதாரண கடின வட்டப் பிரஷ், வேண்டுமானால் கூட ஒரு மென்மையான பிரஷ். நூற்றுக்கணக்கில் இறக்கி வைத்த பிரஷ்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதிலேயே ஸ்டடிக்கான நேரம் போய்விடும்.

முதல்ல கலரா, அனாட்டமியா, பெர்ஸ்பெக்டிவா? எதுல ஆரம்பிக்கட்டும்?

வேல்யூவில் ஆரம்பியுங்கள். வேல்யூ என்றால் ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பது. அது சரியாக இருந்தால் முகத்துக்குப் பச்சை அடித்தாலும் முகமாகத் தெரியும். அது தப்பினால் எவ்வளவு நல்ல நிறம் போட்டாலும் படம் தட்டையாகக் கிடக்கும்.

செய்வது சுலபம். ஒரு படத்தை எடுத்து மூன்றே சாம்பல் தொனிகளில் சின்னதாக வரையுங்கள். நடுவில் வேறு தொனி கிடையாது, மங்கலாகத் தேய்க்கவும் கூடாது. நிழலில் இருக்கும் வெள்ளைச் சட்டையை வெளிச்சக் கூட்டத்தில் சேர்ப்பதா, இருட்டுக் கூட்டத்தில் சேர்ப்பதா என்று முடிவெடுக்க வேண்டி வரும் பாருங்கள், அந்த முடிவில்தான் பாடம் இருக்கிறது. மூன்று தொனி கைவந்த பிறகு ஐந்துக்குப் போகலாம், அப்புறம் நிறம்.

என் படத்தை கறுப்பு வெள்ளையா மாத்திப் பார்க்கச் சொல்றாங்க. மாத்தினேன், ஆனா நம்பற மாதிரி இல்ல.

எப்படி மாற்றினீர்கள் என்பதைப் பொறுத்தது. சில மென்பொருள்களில் நிறத்தின் செறிவைப் பூஜ்யமாக்கும் கட்டளை, பளிச்சென்ற மஞ்சளையும் அடர்ந்த நீலத்தையும் ஒரே சாம்பலாகக் காட்டிவிடும். நம் கண்ணுக்கோ மஞ்சள் மிக வெளிச்சம், நீலம் மிக இருட்டு. அதனால் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயர் போட்டு, அதைக் கறுப்பால் நிரப்பி, அதன் கலப்பு முறையை (பிளெண்ட் மோட்) 'கலர்' என்று வைத்துப் பாருங்கள். கண் உணர்கிற வெளிச்சத்துக்கு இது நெருக்கமாக வரும், வேண்டும்போது அணைத்து அணைத்துப் பார்க்கலாம் என்பது கூடுதல் வசதி.

கலர் பிக்கர் போட்டு எடுத்தா ஏமாத்து வேலையா?

படத்தில் இருக்கும் நிறத்தை அப்படியே எடுத்துத் தரும் கருவிதான் கலர் பிக்கர். ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் எப்போது எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். முதலிலேயே ரெஃபரன்ஸிலிருந்து, அதாவது பார்த்து வரையும் மூலப் படத்திலிருந்து, உறிஞ்சி எடுத்தால் உங்கள் கண்ணுக்கு வேலையே இல்லை. முதலில் ஊகித்துப் பூசுங்கள், பிறகு பிக்கரை வைத்துச் சரிபாருங்கள். "தோல் என்பதால் ஆரஞ்சு போட்டேன், அங்கே இருப்பது கிட்டத்தட்ட சாம்பல்" என்று தெரிய வரும்போது தூக்கிவாரிப் போடும், அந்த வித்தியாசம் பிறகு மறக்காது.

நம் கண் ஏன் இப்படித் தவறுகிறது என்பதற்கு 1995இல் பார்வை பற்றி ஆராயும் விஞ்ஞானி எட்வர்ட் அடெல்சன் உருவாக்கிய சதுரங்கப் பலகைப் படம் ஒன்று போதும். பலகையின் மேல் ஒரு உருளை நிற்கிறது, அதன் நிழல் விழுந்த இடத்தில் ஒரு 'வெள்ளை'க் கட்டம், நிழலுக்கு வெளியே ஒரு 'கறுப்பு'க் கட்டம். இரண்டும் துல்லியமாக ஒரே சாம்பல். தெரிந்த பிறகும் கண் ஒப்புக்கொள்ளாது. சுற்றியிருக்கும் நிறங்களை வைத்துத்தான் மூளை ஒரு நிறத்தைக் கணிக்கிறது, ஓவியத்திலும் அதேதான் நடக்கிறது. அதனால் பிக்கர் காட்டும் நிறத்தை மட்டும் பார்க்காமல், பக்கத்தில் என்ன நிறம் இருந்ததால் அப்படித் தெரிந்தது என்றும் பாருங்கள்.

அப்போ டிரேஸ் பண்றது?

டிரேஸ் என்றால் மூலத்தின் மேலேயே வைத்துக் கோடு இழுப்பது. மேலே சொன்னதேதான், வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் கண்ணால் பார்த்து வரையுங்கள். முடித்ததும் உங்கள் படத்தைப் பாதி ஒளிபுகும்படி மாற்றி மூலத்தின் மேல் வைத்துப் பாருங்கள். கண்கள் மேலே ஏறியிருக்கும், தலை பெருத்திருக்கும், தோள் குறுகியிருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரிப் பிழைதான் திரும்பத் திரும்ப வரும், நாலைந்து படத்துக்குப் பிறகு உங்கள் பிழை எது என்று உங்களுக்கே பிடிபடும்.

பழைய மாஸ்டர்ஸை இப்போ எதுக்குங்க காப்பி பண்ணணும்? அவங்க எண்ணெய் வண்ணம், நாம டிஜிட்டல்.

போட்டோவில் எல்லாமே இருக்கும், எதை விடலாம் என்று அது சொல்லாது. நல்ல ஓவியர் ஏற்கனவே தேர்ந்தெடுத்துவிட்டார். அந்தத் தேர்வைப் பார்க்கத்தான் அவர் படத்தை எடுக்கிறோம். ஃபிளெமிய ஓவியர் ரூபன்ஸ் 1628இல் மாட்ரிட் போனபோது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, ஐரோப்பா முழுக்கப் பெயர் வாங்கியாயிற்று, அப்போதும் அரண்மனையில் இருந்த, தனக்கு முந்தைய இத்தாலிய ஓவியர் டிஷனின் ஓவியங்களை உட்கார்ந்து பிரதி எடுத்தார். வான்கோ 1889இலும் 1890இலும் பிரெஞ்சு ஓவியர் மியேயின் படங்களைத் தன் போக்கில் வரைந்தார். கையில் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதிகள், நிறம் முழுக்க அவரே யோசித்தது. இதுவே அருமையான பயிற்சி முறை: அமைப்பை ஒருவரிடமிருந்து எடுங்கள், நிறத்தை நீங்கள் கண்டுபிடியுங்கள்.

ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். டச்சு ஓவியர் ஃபெர்மீரின் 'முத்துக் காதணி அணிந்த பெண்', சுமார் 1665, அளவு வெறும் 44.5 × 39 சென்டிமீட்டர். பெரிதாக்கி அந்த முத்தைப் பாருங்கள். முத்துக்கு முழு வெளிக்கோடு கிடையாது, காதில் மாட்டும் கொக்கியும் கிடையாது. மேலே இடது பக்கம் ஒரு தடித்த வெள்ளைப் புள்ளி, கீழே வெள்ளைக் காலரின் மெல்லிய பிரதிபலிப்பு, மீதியெல்லாம் பின்னாலிருக்கும் நிழலே. இப்போது மூக்குக்கு வாருங்கள். மூக்குத் தண்டுக்கும் அதற்கு அப்பால் இருக்கும் கன்னத்துக்கும் நடுவே கோடு இல்லை, இரண்டும் ஒரே தொனியில் கரைந்திருக்கின்றன. நாமாக இருந்தால் அங்கே கண்டிப்பாக ஒரு கோடு இழுத்திருப்போம். 'ஓரம் எங்கே தொலைகிறது' என்ற ஒரே கேள்வியோடு இந்த முகத்தை வரைந்து பாருங்கள், எட்ஜ் பற்றிப் பிறகு யாரும் விளக்கத் தேவைப்படாது.

அந்தப் படங்கள் நல்ல அளவுல எங்க கிடைக்கும்?

அருங்காட்சியகங்களின் சொந்தத் தளங்களில். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியமும், 2017 முதல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும், காப்புரிமை முடிந்த ஓவியங்களைப் பெரிய அளவில் இலவசமாக இறக்கிக்கொள்ள விடுகின்றன. தேடலில் கிடைக்கும் பிரதிகளை நம்பாதீர்கள், ஒரே ஓவியம் ஒன்றில் மஞ்சளாகவும் இன்னொன்றில் நீலமாகவும் இருக்கும். மூல ஓவியமே மாறியிருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். மேலே சொன்ன ஃபெர்மீர் படத்தின் பின்னணியில் முதலில் ஒரு பச்சைத் திரை இருந்தது என்று 2018இல் தொடங்கிய ஆய்வில் தெரிந்தது. நாம் காப்பி எடுக்கும் அந்தக் கறுப்பு, காலம் செய்தது.

போட்டோவைப் பார்த்து வரைஞ்சா போதுமா, நேர்லயும் வரையணுமா?

இரண்டும் வேண்டும். போட்டோவை மட்டும் பார்த்து வளர்ந்தவர்களின் படத்தில் நிழலெல்லாம் வெறும் கறுப்பாக இருக்கும். கேமரா வெளிச்சத்துக்கு ஏற்ப அமைந்தால் இருட்டில் இருக்கும் நிறத்தை விழுங்கிவிடும், இருட்டுக்கு அமைந்தால் வெளிச்சமான இடம் வெறும் வெள்ளையாகிவிடும். மொபைல் கேமரா இரண்டையும் சமன் செய்கிறேன் என்று எல்லாவற்றையும் ஒரே தட்டாக்கிவிடும். முகத்துக்கு மிகப் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தில் மூக்கு பெருத்துக் காது சிறுத்திருக்கும், அது தெரியாமல் அப்படியே வரைந்து வைக்கிறார்கள்.

நேரில் வரைய வெளியே போக வேண்டும் என்றெல்லாம் இல்லை. மேஜையில் ஒரு கோப்பை, பக்கத்தில் ஒரு விளக்கு. நிழலுக்குள் எவ்வளவு நிறம் இருக்கிறது என்று உட்கார்ந்து பாருங்கள்.

ஒரு ஸ்டடிக்கு எவ்வளவு நேரம் போடலாம்?

கேள்வி எவ்வளவு பெரிதோ அவ்வளவு. வேல்யூ ஸ்டடிக்கு இருபது நிமிடம் தாராளம். வெளிச்சமும் நிறமும் என்றால் ஒரு மணி நேரம் வரை. அதற்கு மேல் போனால் பெரும்பாலும் மெருகேற்றிக்கொண்டிருப்பீர்கள், கற்றுக்கொண்டிருக்க மாட்டீர்கள். துணி, கை, தலைமுடி மாதிரி நுணுக்கமானவற்றுக்கு எப்போதாவது ஒரு நீண்ட ஸ்டடி நல்லது, அதையும் விட்டுவிட வேண்டாம்.

ஸ்டடி எல்லாம் அருமையா வருது. சொந்தமா வரைஞ்சா பழைய கதைதான். என்ன தப்பு பண்றேன்?

இந்தக் கேள்விதான் அதிகம் பேரை அழ வைக்கிறது, நிறைய பேர் இந்த இடத்தில்தான் விட்டுவிட்டும் போகிறார்கள். தப்பு எதுவும் இல்லை, நடுவில் ஒரு படி விடுபட்டிருக்கிறது. ஸ்டடியில் பதில் முழுவதும் கண் முன்னாலேயே இருக்கிறது. சொந்தப் படத்தில் அதை நினைவிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்துப் பழகவே இல்லையென்றால் எப்படி வரும்?

அதனால் ஒவ்வொரு ஸ்டடிக்கும் பின்னால் இரண்டு வேலை சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, ரெஃபரன்ஸை மூடிவிட்டு அதே படத்தை நினைவிலிருந்து சின்னதாக மறுபடி வரைவது. மறந்துபோன இடமெல்லாம் நீங்கள் புரிந்துகொள்ளாமல் நகலெடுத்த இடம், திரும்பத் திறந்து அங்கே மட்டும் பாருங்கள். இரண்டு, கற்றதை வேறு பொருளில் போட்டுப் பார்ப்பது. மாலை வெயிலில் ஒரு கட்டடத்தை ஸ்டடி செய்தீர்களா, அதே வெயிலை ஒரு குதிரை மேல் விழ வையுங்கள், வெளிச்சம் பட்ட பக்கம் என்ன நிறம், நிழல் என்ன நிறம், தரையிலிருந்து எவ்வளவு எதிரொளி என்று எல்லாவற்றையும் அந்தக் கட்டடத்திடமிருந்தே எடுத்து. கோணல்மாணலாக வரட்டும். ஸ்டடியில் கற்றது உங்கள் கைக்கு வந்துவிட்டதா என்று இந்தக் குதிரைதான் சொல்லும்.

இன்னொன்றும் உண்டு. எதை ஸ்டடி செய்வது என்பதை உங்கள் சொந்தப் படங்களிடம் கேளுங்கள். கைகளை எப்போதும் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்து வரைகிறீர்கள் என்றால் அடுத்த ஸ்டடி எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

படத்தைக் காட்டினா "சூப்பர்", "செம"ன்னு மட்டும்தான் சொல்றாங்க. உருப்படியா யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க.

"எப்படி இருக்கு?" என்று கேட்டால் அதற்கு "நல்லா இருக்கு" என்பதுதான் பதில். ஸ்டடிக்கு முதல் பதிலில் சொன்னது ஃபீட்பேக்குக்கும் பொருந்தும்: கேள்வியோடு போங்கள். "விடிகாலை மாதிரி காட்ட நினைத்தேன், உங்களுக்கு என்ன நேரமாகத் தெரிகிறது?" "முதலில் கண் எங்கே போகிறது?" "இந்த ஆள் பாரம் தூக்குகிற மாதிரி இருக்கிறதா, சும்மா நிற்கிற மாதிரி இருக்கிறதா?" இப்படிக் கேட்டால் வரையத் தெரியாதவர்கூட உருப்படியான பதில் சொல்வார்.

கூடவே ரெஃபரன்ஸையும் காட்டுங்கள். இல்லாவிட்டால் சரியாக இருப்பதையும் தப்பு என்பார்கள், தப்பாக இருப்பதை உங்கள் பாணி என்று விட்டுவிடுவார்கள்.

முடிச்சிட்டுக் காட்டறதா, பாதியிலயா?

பாதிக்கும் முன்னால். சின்னச் சின்ன மாதிரி ஓவியமாக, தம்ப்நெயிலாக, மூன்று வரைந்து "எது?" என்று கேட்பதுதான் மிகப் பயனுள்ள ஃபீட்பேக். அந்தக் கட்டத்தில் ஆளை இடமிருந்து வலத்துக்கு மாற்ற இரண்டு நிமிடம் ஆகும். கண்ணிமை வரை வரைந்து முடித்த பிறகு ஒருவர் "தலை பெருசா இருக்கே" என்றால் நீங்கள் மாற்ற மாட்டீர்கள், வாதாடத்தான் செய்வீர்கள்.

ஒருத்தர் "இன்னும் டார்க் பண்ணு"ங்கறார், இன்னொருத்தர் "ரொம்ப டார்க்கா இருக்கு"ங்கறார். யார் சொல்றதைக் கேக்கறது?

இரண்டு பேரும் ஒரே இடத்தைக் காட்டுகிறார்களா என்று முதலில் பாருங்கள். காட்டினால் அந்த இடத்தில் ஏதோ கோளாறு இருப்பது உறுதி. அவர்கள் சொல்லும் தீர்வு தப்பாக இருக்கலாம், உறுத்தல் பொய்யில்லை. நீங்கள் சொன்ன சண்டையில் பெரும்பாலும் முகமும் பின்னணியும் ஒரே வேல்யூவில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருவர் பின்னணியை இருட்டாக்கிப் பிரிக்கப் பார்க்கிறார், இன்னொருவர் முகத்தை வெளிச்சமாக்கிப் பிரிக்கப் பார்க்கிறார். கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். எப்படிப் பிரிப்பது என்பது உங்கள் முடிவு, விடிகாலையா நள்ளிரவா என்று உங்களுக்குத்தானே தெரியும்.

ஒரே ஒருவர் மட்டும் சொல்லி, நாலு பேருக்கு அது தெரியவே இல்லை என்றால் அது அவர் ரசனையாக இருக்கலாம். குறித்து வையுங்கள், உடனே மாற்ற வேண்டாம்.

எனக்கே சரியா வரையத் தெரியாது. நான் எப்படி மத்தவங்களுக்குச் சொல்றது?

சொல்லுங்கள், தயங்காமல் சொல்லுங்கள். அடுத்தவர் படத்தில் பிழை தேடும்போது கண் வேகமாகப் பழகுகிறது, ஏனென்றால் அங்கே நமக்குப் பாசம் இல்லை. தீர்வு சொல்லத் தெரியாவிட்டால் தெரிந்ததை மட்டும் சொல்லலாம்: "முதலில் என் கண் அந்த விளக்குக்குப் போனது, பிறகுதான் ஆளைப் பார்த்தேன்." "இந்தக் கை எங்கிருந்து வருகிறது என்று புரியவில்லை." இவை பொன்னான தகவல்கள்.

பெரியதிலிருந்து சிறியதற்கு வாருங்கள். அமைப்பு, வேல்யூ, உருவம், நிறம், கடைசியாக விவரம். பெர்ஸ்பெக்டிவே (தூரத்தையும் ஆழத்தையும் காட்டும் கோணம்) சரிந்து கிடக்கும் படத்தில் சட்டைப் பொத்தானைப் பற்றிப் பேசுவதில் பலன் இல்லை. ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு விஷயம் போதும், பதினைந்து பிழையைப் பட்டியலிட்டால் கேட்பவர் ஒன்றையும் திருத்த மாட்டார். நன்றாக இருப்பதையும் குறிப்பாகச் சொல்லுங்கள், மனம் குளிரட்டும் என்பதற்காக மட்டுமில்லை, திருத்தும்போது அதையும் சேர்த்து அழித்துவிடக் கூடாது என்பதற்காக.

ஒருத்தர் என் படத்து மேலேயே வரைஞ்சு அனுப்பிட்டார். கோபமா வந்தது. நான்தான் அதிகமா எடுத்துக்கறேனா?

கோபம் நியாயம்தான். பெயிண்ட்-ஓவர் செய்யும் முன் கேட்பது மரியாதை. ஆனால் படத்தைத் தூக்கி எறிய வேண்டாம். பத்து வரியில் விளக்க முடியாததை அது ஒரு நிமிடத்தில் காட்டும். அப்படியே காப்பி மட்டும் எடுக்காதீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என்ன மாறியது என்று வார்த்தையில் எழுதுங்கள்: "தோளைச் சாய்த்திருக்கிறார், இடுப்பு எதிர்ப்பக்கம் போயிருக்கிறது." பிறகு அவர் படத்தை மூடிவிட்டு உங்கள் லேயரில் நீங்களே செய்யுங்கள்.

குறை சொன்னா மனசு விட்டுப் போகுது, ரெண்டு நாள் வரையவே தோணல.

அது வரையும் எல்லோருக்கும் நடப்பது, கூச்சப்பட ஒன்றுமில்லை. வந்தவுடன் பதில் எழுத வேண்டாம். நன்றி சொல்லிவிட்டு மூடி வையுங்கள், மறுநாள் படித்தால் பாதி வார்த்தைகளில் காரம் குறைந்திருக்கும். படத்தை விட்டு உங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இருந்தால், "உனக்கெல்லாம் வராது" வகை, அவர்களிடம் காட்டுவதை நிறுத்திக்கொள்ளுங்கள், அதில் கற்க ஒன்றும் இல்லை. நாலைந்து பேர் கொண்ட சின்னக் குழு, வாரம் ஒருமுறை ஒவ்வொருவரும் ஒரு படம், எல்லோரும் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்ற ஒரே விதி, இது நன்றாக நடக்கும். முகம் தெரியாத கூட்டத்தை விட, உங்கள் போன மாதப் படத்தைப் பார்த்தவர்களின் பேச்சுக்குப் பலன் அதிகம்.

ராத்திரி பன்னெண்டு மணிக்கு வரையறேன், கேக்க யாருமே இல்ல. என்ன பண்ண?

கேன்வாஸைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிப் பாருங்கள், க்ரிட்டாவில் எம் விசையைத் தட்டினால் போதும். பழகிப்போன கண் சட்டென்று புதிதாகும், கோணல் எல்லாம் தெரியும். படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், மேலே சொன்ன கறுப்பு வெள்ளை லேயரையும் போடுங்கள். அப்புறம் தூங்கப் போங்கள். காலையில் பார்ப்பவர் வேறு ஆள்.

இப்போ இருக்கிற ஒரு ஆர்ட்டிஸ்ட்டோட படத்தை ஸ்டடி பண்ணேன். வெளியில போடலாமா?

உங்கள் கணினிக்குள் பழகுவதற்கு என்றால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. பலர் பார்க்கும் இடத்தில் வைக்கும்போது அது ஸ்டடி என்றும் மூலம் யாருடையது என்றும் படத்தோடு சேர்த்தே எழுதுங்கள், தன் படங்களைப் பிரதி எடுத்து வெளியிடக் கூடாது என்று அந்தக் கலைஞர் சொல்லியிருந்தால் போடாதீர்கள். பெயரைக் குறிப்பிட்டுவிட்டால் உரிமை வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். விற்பது, அச்சுப் போடுவது, வேலை தேடும்போது சொந்தப் படம் போலக் காட்டுவது இவை கூடவே கூடாது. பெரும்பாலான நாடுகளில் கலைஞர் இறந்து 50 முதல் 70 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. வெளியில் போட எண்ணியே ஸ்டடி செய்கிறீர்கள் என்றால் அருங்காட்சியக ஓவியங்களே நிம்மதி. மற்றவர் எடுத்த போட்டோவுக்கும் இதே கதைதான்.

ஒருத்தரையே ஸ்டடி பண்ணா அவர் ஸ்டைல் ஒட்டிக்குமே?

கொஞ்ச நாள் ஒட்டும், பயப்பட வேண்டாம். அடுத்த மாதம் அவருக்கு நேரெதிரான ஒருவரை எடுங்கள். ஓரங்களைக் கரைப்பவருக்குப் பின் கத்தி மாதிரி வெட்டி வரைபவர், அடங்கிய நிறத்துக்குப் பின் கொழுத்த நிறம். நேரில் பார்த்து வரைவதையும் நடுநடுவே விடாதீர்கள், அங்கே காப்பி எடுக்க யாருடைய ஸ்டைலும் இருக்காது.

ஏஐ உருவாக்கின படத்தை ரெஃபரன்ஸா வச்சு ஸ்டடி பண்ணலாமா?

வேண்டாம் என்பேன். ஸ்டடியில் நாம் தேடுவது ஒரு காரணம்: இந்த நிழல் ஏன் இங்கே விழுகிறது, இந்த எலும்பு ஏன் இங்கே துருத்துகிறது. போட்டோவில் அந்தக் காரணம் உலகத்தில் இருக்கிறது, ஓவியத்தில் ஓவியரின் தலையில் இருக்கிறது. உருவாக்கப்பட்ட படத்தில் மூக்கின் நிழல் ஒரு பக்கமும் கழுத்தின் நிழல் மறுபக்கமும் விழலாம், நகையின் வளையம் எங்கும் சேராமல் நிற்கலாம், பார்க்க அழகாகவே இருக்கும். அனுபவம் உள்ளவர் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவார். பழகிக்கொண்டிருப்பவர் அந்தப் பிழையையும் பாடமாகவே எடுத்துக்கொள்வார். மேஜை விளக்கும் கோப்பையும் இதை விட நல்ல ரெஃபரன்ஸ்.